அலாஸ்கா வளைகுடாவில் காட் மீன் குறைந்தது எப்படி: 2014 முதல் 2021 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

அலாஸ்கா வளைகுடாவில் 2017 கோடையில் நடந்த மீன் கணக்கெடுப்பில், பசிபிக் காட் மீனின் எண்ணிக்கை 2015இல் இருந்ததைவிட 71 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தக் கடலில் வரம்பை மீறி யாரும் மீன் பிடிக்கவில்லை. உலகிலேயே ஒழுங்காக நடத்தப்படும் மீன்பிடிகளில் ஒன்றாக அதைப் பலரும் காட்டிவந்தார்கள். அங்கே நடந்தது இதுதான்: கடல்நீர் வழக்கத்தைவிட இரண்டு டிகிரிக்குச் சற்று மேலே சூடாகி, அந்தச் சூடு மூன்று ஆண்டுகள் விலகாமல் நின்றது.

இரண்டு டிகிரி ஒரு மீனை என்ன செய்துவிட முடியும் என்ற கேள்விக்கு இந்த நிகழ்வில் தெளிவான விடை இருக்கிறது. அதனால்தான் தொடக்கம் முதல் எழுதிவைக்கிறேன். இதில் வரும் அறிவியலாளர்கள், மீனவர்கள், அதிகாரிகள் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

பசிபிக் காட் குளிர்நீர் மீன். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். கடல்தரையை ஒட்டி வாழ்ந்து நண்டு, இறால், சிறுமீன் என்று வாய்க்கு அடங்கியதை எல்லாம் தின்னும். நம் சந்தையில் ரீஃப் காட் என்று எழுதி விற்கும் கலவா வேறு இனம். சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய காட் லிவர் ஆயில், இந்த மீனுக்கு நெருங்கிய உறவான அட்லாண்டிக் காட்டின் ஈரலில் இருந்து வருவது. காட் இன மீன்கள் கொழுப்பைச் சதையில் வைப்பதில்லை, ஈரலில்தான் சேர்க்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

கோடியாக், சாண்ட் பாயின்ட், கிங் கோவ் போன்ற துறைமுகங்களில் காட்தான் குளிர்காலத்து வருமானம். கோடையில் சால்மன், ஜனவரியில் காட். சினைக்காலத்தில் மீன் கூட்டமாகச் சேரும் அந்த மாதங்களில் சிறு படகுகள் கூண்டும் ஆயிரங்கால் தூண்டிலும் கொண்டு போகும், பெரிய படகுகள் இழுவலை போடும். மீன் பதப்படுத்தும் ஆலைகளில் குளிர்காலம் முழுக்க ஆட்களுக்கு வேலை இருப்பதும் இதனால்தான்.

கரையிலிருந்து 3 கடல் மைல் வரை அலாஸ்கா மாநில அரசின் பொறுப்பு. அதற்கு அப்பால் 200 மைல் வரை அமெரிக்க ஒன்றிய அரசின் நீர். ஒன்றிய நீரில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வட பசிபிக் மீன்வள மேலாண்மைக் குழு ஒவ்வொரு டிசம்பரிலும் முடிவு செய்கிறது. அறிவியலாளர்கள் கணக்கிட்டுச் சொல்லும் வரம்பை அது தாண்டக் கூடாது. அந்தக் கணக்குக்கு முதுகெலும்பு, அலாஸ்கா வளைகுடாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும் இழுவலைக் கணக்கெடுப்பு. 2013, 2015, 2017 என்று வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தக் கணக்கெடுப்பு கிடையாது. பின்னால் இந்த இடைவெளிதான் உறுத்தியது.

கடல் சூடான விதம்

2013–14 குளிர்காலத்தில் வடகிழக்குப் பசிபிக்கின் மேல் ஓர் உயர் காற்றழுத்தப் பகுதி வந்து நகராமல் நின்றுவிட்டது. வழக்கமாக அந்தப் பருவத்தில் புயல்காற்று கடலைக் கலக்கி, மேல்நீரின் சூட்டை வானத்துக்கு அனுப்பிவிடும். அந்த ஆண்டு காற்று ஓய்ந்துகிடந்ததால் சூடு நீரிலேயே தங்கியது. 2014இல் வாஷிங்டன் மாநிலத்தின் காலநிலை வல்லுநர் ஒருவர் அந்தச் சூட்டுத் திட்டுக்கு 'பிளாப்' என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. 2015–16இல் பசிபிக் நீரைச் சூடாக்கும் எல் நினோவும் வலுவாக வந்து சேர்ந்துகொண்டது.

காட் மீனுக்கு ஆபத்தானது மேல்நீரின் சூடு அல்ல. அது வாழ்வது கீழே. மேலே வெயில் காய்ந்தாலும் நூறு, இருநூறு மீட்டர் ஆழத்தில் குளிர்ச்சி இருக்கும், மீன் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். இந்த வெப்ப அலை மூன்று குளிர்காலம் தொடர்ந்ததால் சூடு அந்த ஆழத்துக்கும் இறங்கிவிட்டது. ஒதுங்குவதற்கு இருந்த இடமும் சூடானது.

முதல் அறிகுறிகள்

2015இல் கோடியாக் தீவைச் சுற்றிப் பெரிய திமிங்கிலங்களின் உடல்கள் மிதந்தன. 2015–16 குளிர்காலத்தில் மர் எனப்படும் கடற்பறவைகள் கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா வரை கரை ஒதுங்கின. எண்ணப்பட்ட உடல்கள் மட்டும் சுமார் 62,000. அவற்றில் பெரும்பாலானவை எலும்பும் தோலுமாக இருந்தன. நெத்திலி போல எல்லாரும் தின்று வாழும் கேப்லின் என்ற சிறுமீன் வளைகுடாவில் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது.

காட் மீனுக்கும் இந்தப் பறவைக்கும் ஒரே சாப்பாட்டுத் தட்டுதான். பறவை பட்டினியால் சாகும்போது அதே கடலில் அதே இரையைத் தின்னும் மீன் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கலாம். ஆனால் பறவைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் ஒரு துறையினர், மீனை எண்ணியவர்கள் இன்னொரு துறையினர். காட் பற்றிய 2015ஆம் ஆண்டுக் கணக்கோ நம்பிக்கை தருவதாகவே இருந்தது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் நிறையப் பிழைத்திருந்ததால், அவை வளர்ந்து வரும்போது மீன்பாடு கூடும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2016க்கும் 2017க்கும் அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் வரம்பு வைக்கப்பட்டது.

2017: எண்ணிக்கை விழுந்தது

2017 கோடைக் கணக்கெடுப்பின் முடிவைப் பார்த்ததும் காட் மதிப்பீட்டைச் செய்த அறிவியலாளர் முதலில் தன் தரவைத்தான் சந்தேகித்தார். சரியான நடைமுறை அதுதான். கணக்கெடுப்பில் ஒரு மீன் குறைவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: வலை பழுதாகியிருக்கலாம், போன இடம் தவறாக இருக்கலாம், மீன் வேறு பக்கம் நகர்ந்திருக்கலாம். அவரும் உடன் இருந்தவர்களும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அதே வலையில் மற்ற மீன்கள் விழுந்திருந்ததால் வலை பழுது இல்லை. தனியாக நடக்கும் ஆயிரங்கால் தூண்டில் கணக்கெடுப்பிலும் காட் பாதியளவு குறைந்திருந்தது. மீனவர்களின் மீன்பாட்டுப் பதிவுகளிலும் இறக்கம் தெரிந்தது.

மீன் நகர்ந்துவிட்டதா என்ற கேள்விதான் கடினமானது. வளைகுடாவின் வடக்கே நிலம். குளிரைத் தேடி வடக்கே போக நினைக்கும் மீன் கரையில் முட்டி நிற்கும். மேற்கே சுற்றிப் பெரிங் கடலுக்குள் நுழைந்திருந்தால் அங்கே எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டு கிழக்குப் பெரிங் கடலின் கணக்கெடுப்பிலும் காட் குறைந்துதான் இருந்தது. பின்னாளில் மீன்களுக்குக் குறியிட்டுப் பார்த்தபோது, வளைகுடாவின் மேற்கோரத்தில் உள்ளவை கோடையில் பெரிங் கடல் பக்கம் போவது தெரியவந்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய இழப்பை அது விளக்கிவிடாது. மெலிந்த உடல்கள், காணாமல் போன சிறுமீன், செத்த பறவைகள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்தால் ஒரே விளக்கம்தான் மிஞ்சியது. மீன்கள் செத்திருக்கின்றன.

மீனின் உடலுக்குள் நடந்தது

நம் உடல் 37 டிகிரியைத் தானே காத்துக்கொள்கிறது. காட் மீனால் அது முடியாது. நீர் 4 டிகிரி என்றால் உடலும் 4, நீர் 6 ஆனால் உடலும் 6. உடல் சூடானால் உள்ளே நடக்கும் வேதி வினைகள் எல்லாம் வேகம் பிடிக்கும். 10 டிகிரி கூடினால் இந்த வேகம் பொதுவாக இரண்டிலிருந்து மூன்று மடங்காகும். அந்தக் கணக்குப்படி 2 டிகிரி கூடினாலே சும்மா கிடக்கும் மீனுக்கும் 15 முதல் 25 விழுக்காடு வரை அதிக ஆற்றல் தேவைப்படும். அது நீந்தவில்லை, வளரவில்லை, சினை பிடிக்கவில்லை. உயிரோடு இருப்பதற்கு மட்டுமே அந்தச் செலவு.

இரை தாராளமாகக் கிடைத்தால் மீன் இதைச் சமாளித்துவிடும். கூடுதலாகத் தின்று கூடுதலாகவே வளரும். குளிர்நீர் மீன்கள் கொஞ்சம் சூடான ஆண்டுகளில் நன்றாகக் கொழுப்பதும் உண்டு. வெப்பமாவதால் மீன் பெருகும் என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் இரை குறைந்தால் கணக்கு தலைகீழாகும். வயிறு நிறையும் மீனுக்கு எந்த வெப்பநிலை வளர ஏற்றதோ, அதே வெப்பநிலை பசித்த மீனை இளைக்கவைக்கும். பசித்த மீனுக்கு ஏற்றது குளிர்ந்த நீர். அங்கே செலவு குறைவு, இருப்பதை வைத்துக்கொண்டு நாள் கடத்தலாம்.

2014 முதல் 2016 வரை இந்த இரண்டும் ஒன்றாக வந்தன. சூட்டினால் பசி கூடியது. அதே சூடு இரையையும் கெடுத்தது. குளிர்நீரில் வாழும் பெரிய, கொழுப்புள்ள மிதவை உயிர்கள் குறைந்து, சூடான நீரில் வாழும் சிறிய, கொழுப்பில்லாத இனங்கள் அந்த இடத்துக்கு வந்தன. அவற்றைத் தின்னும் கேப்லின் மெலிந்து குறைந்தது. கேப்லினைத் தின்னும் காட், ஒரு வாய்க்குக் கிடைத்த ஆற்றல் போதாமல் ஈரலில் சேர்த்த கொழுப்பை எடுத்துச் செலவழித்தது. அது தீர்ந்ததும் சதை கரைந்தது.

செவுள் வழியாக வரும் உயிர்வளிக்கும் (ஆக்சிஜன்) ஒரு வரம்பு உண்டு. சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும், உடலோ கூடுதலாகக் கேட்கும். அடிப்படைச் செலவுக்கும் செவுளால் தர முடிந்த உச்சத்துக்கும் இடையில் மிஞ்சுவதை வைத்துத்தான் மீன் துரத்த வேண்டும், தப்பிக்க வேண்டும், தின்றதைச் செரிக்க வேண்டும். அந்த மிச்சம் குறுகும்போது மீன் சூட்டில் வெந்து சாவதில்லை, ஒவ்வொரு வேலையாகக் கைவிடுகிறது. வேட்டை குறைகிறது, அப்புறம் சினை குறைகிறது. ஆகவே 2 டிகிரி உயர்வு மீனைத் தானே கொன்றது என்று சொல்வதைவிட, மீனின் அன்றாடச் செலவை ஏற்றிவிட்டு வரவை அறுத்தது என்று சொல்வதே சரி.

முட்டைகள்

வளர்ந்த மீனாவது கொஞ்சம் நகர்ந்து பார்க்கும். முட்டைக்கு அதுவும் இல்லை. பல கடல்மீன்களின் முட்டைகள் மிதந்து போகும். பசிபிக் காட் குளிர்காலக் கடைசியில் தன் முட்டை முழுவதையும் ஒரே தடவையில் இடுகிறது, அவை கடல்தரையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துப் பார்த்ததில் அவை நன்றாகப் பொரிப்பது ஏறத்தாழ 3 முதல் 6 டிகிரி வரைதான். அதற்கு மேலே போனால் பொரிக்கும் விகிதம் வேகமாக இறங்குகிறது.

இந்த அளவுகோலை வளைகுடாவின் தரைநீர் வெப்பநிலைப் பதிவின் மேல் வைத்துப் பார்த்தபோது, முட்டைக்கு ஏற்ற இடம் வெப்ப அலை ஆண்டுகளில் பெருமளவு சுருங்கியிருந்தது. கோடியாக்கில் இரண்டு விரிகுடாக்களில் 2006 முதல் ஒவ்வொரு கோடையும் கரைவலை இழுத்து அந்த ஆண்டுக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். நம் கடற்கரையில் இழுக்கும் கரைவலையின் சிறு வடிவம்தான் அது. வெப்ப அலை ஆண்டுகளில் அந்த வலையில் காட் குஞ்சு மிகச் சொற்பம். அதாவது ஒரு பக்கம் வளர்ந்த மீன்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தன, இன்னொரு பக்கம் அவற்றின் இடத்துக்கு வர வேண்டிய தலைமுறை பிறக்கவே இல்லை. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் இருப்பு இந்த அளவுக்கு விழுந்திருக்காது என்பது என் கருத்து.

எடுத்த முடிவும் காரணமும்

2017 அக்டோபரில் இந்தச் செய்தி மேலாண்மைக் குழுவின் முன் வந்தது. அறைக்குள் இருந்த மீனவர்களுக்கு அது பேரிடி. அதே ஆண்டு டிசம்பரில் முடிவு எடுத்தாக வேண்டும்.

மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மீன் இருப்பைக் கணக்கிடும் கணித மாதிரிகளில் பொதுவாக இயற்கைச் சாவு எல்லா ஆண்டும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்தால் இந்தச் சரிவை மாதிரியால் விளக்கவே முடியவில்லை. ஆகவே வெப்ப அலை ஆண்டுகளுக்கு மட்டும் இயற்கைச் சாவை உயர்த்திக் கணக்கிட்டார்கள். அது துணிச்சலான மாற்றம். தரவுக்கு ஏற்றபடி மாதிரியை வளைக்கிறார்கள் என்று யாரும் குறை சொல்லலாம். பட்டினிக்கு உடலியல் சான்று கையில் இருந்ததால்தான் அந்த மாற்றம் நின்றது. மீனின் ஆற்றல் தேவை எவ்வளவு ஏறியது என்ற கணக்கும், மெலிந்த உடல்களின் எடையும், வெறுமையான கரைவலையும் ஒரே திசையைக் காட்டின.

அதன்படி உயிரியல் நோக்கில் ஏற்கத்தக்க பிடிப்பு 2017இல் இருந்த 88,342 டன்னிலிருந்து 2018க்கு 18,000 டன்னாக இறக்கப்பட்டது. 80 விழுக்காடு வெட்டு. முழுவதும் மூடாததற்குக் காரணம், மிஞ்சிய மீன்கள் சினைக்கு வந்தால் இருப்பு தாக்குப்பிடிக்கும் என்ற மதிப்பீடு. குறைத்துவைத்ததற்குக் காரணம் ஸ்டெல்லர் கடற்சிங்கம். அழியும் நிலையில் உள்ள அந்த விலங்குக்குக் காட் முக்கிய இரை. எனவே காட்டின் சினைமீன் இருப்பு, பிடிக்கவே படாத நிலையில் இருக்கக்கூடிய அளவில் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஒன்றிய நீரில் காட் பிடிப்பை நிறுத்த வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருந்தது. அந்தக் கோட்டைத் தொடாமல் இருப்பதே குறி.

பின்னர் நடந்தது

2018 ஜனவரியில் கோடியாக் படகுகள் ஐந்தில் ஒரு பங்கு வரம்போடு கடலுக்குப் போயின. சில படகுகள் போகவே இல்லை. ஆலைகளில் வேலை சுருங்கியது. கடன் வாங்கிக் கூண்டு கட்டியவர்களுக்கு அந்தக் கூண்டுகள் முற்றத்தில் கிடந்தன. மாநிலம் பேரிடர் நிவாரணம் கேட்டது, ஒன்றிய அரசும் 2018 மீன்பிடியைப் பேரிடர் என்று ஏற்றது. ஆனால் சுமார் 2 கோடியே 44 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது 2020இல்தான். படகுக் கடனுக்குத் தவணை மாதாமாதம் வரும். நிவாரணம் இரண்டு ஆண்டு கழித்து வந்தால் அது யாருக்கு உதவும் என்ற கேள்வியை நான் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

கடல் 2017, 2018இல் ஓரளவு குளிர்ந்தது. 2018இல் கரைவலையில் குஞ்சுகள் நிறையவே வந்தன. எல்லாரும் மூச்சு விட்டார்கள். 2019இல் இன்னொரு வெப்ப அலை வந்தது, அந்த ஆண்டுக் குஞ்சுகள் மறுபடியும் அற்றுப்போயின. அந்த இலையுதிர் கால மதிப்பீட்டில் சினைமீன் இருப்பு 20 விழுக்காட்டுக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. 2019 டிசம்பரில், அடுத்த ஆண்டுக்கு ஒன்றிய நீரில் காட்டை நோக்கிய மீன்பிடி முழுவதும் மூடப்பட்டது. இருப்புக் குறைவுக்காக அந்த மீன்பிடி மூடப்பட்டது அதுவே முதல் முறை. மாநில நீரில் மட்டும் சிறிய அளவில் தொடர்ந்தது. 2020 ஏப்ரலில், மீன்வளம் குன்றாமல் பிடிக்கிறார்கள் என்று காட்டும் சர்வதேசச் சான்றும் நிறுத்திவைக்கப்பட்டது.

2021இல் மீன்பிடி மீண்டும் திறந்தது, வரம்பு முன்பிருந்ததன் அருகில்கூட வரவில்லை. மீன் அழிந்துவிடவில்லை. ஆனால் 2015க்கு முந்தைய காட் வளம் திரும்பவும் இல்லை.

மாற வேண்டியவை

சில மாற்றங்கள் வந்துவிட்டன. 2018 முதல் மதிப்பீடுகளோடு ஆபத்து அட்டவணை ஒன்றையும் சேர்க்கிறார்கள். மாதிரிக்குள் அடங்காத கவலைகளை, அதாவது இரை குறைவு, பறவைச் சாவு, மீனின் மெலிவு போன்றவற்றை அதில் எழுதி, அதற்கேற்ப வரம்பைக் குறைக்கலாம். பறவையைப் பார்ப்பவரும் மீனை எண்ணுபவரும் ஒரே மேசையில் உட்கார இதுவே வழி செய்தது. இந்த நிகழ்வில் கிடைத்த மிக நல்ல பலன் அது.

கணக்கெடுப்பின் இடைவெளி அப்படியே இருக்கிறது. கடல் மெதுவாக மாறிய காலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுவது போதும். மூன்று ஆண்டில் ஒரு தலைமுறை காணாமல் போகும் கடலுக்குப் போதாது. ஆண்டுதோறும் கப்பல் அனுப்பப் பணம் இல்லை என்றால், குறைந்தது வெப்ப அலை அறிவிக்கப்பட்ட ஆண்டுகளிலாவது கூடுதலாக ஒரு பயணம் வேண்டும்.

நிவாரணத்தைப் பேரிடருக்குப் பின் விண்ணப்பம் எழுதி வாங்கும் முறையும் மாற வேண்டும். வரம்பு பாதிக்கு மேல் வெட்டப்பட்டால் அந்தப் பருவத்திலேயே ஒரு பகுதித் தொகை தானாகப் போய்ச்சேரும்படி விதி எழுதலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டியது மீனின் எடை. எண்ணிக்கை விழுவது கடைசியில்தான் தெரியும். நீளத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் மீன் மெலிவது அதற்கு முன்பே தெரியும். ஈரல் சிறுத்திருப்பதை ஆலையில் மீன் அறுப்பவர்கள்கூட ஒரு தராசை வைத்துப் பதிந்துவிடலாம். 2015, 2016இல் பிடிபட்ட காட் மீன்களின் நீளமும் எடையும் பதிவேடுகளில் இருந்தன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தது 2017 கணக்கெடுப்புக்குப் பிறகுதான்.